கட்டாக் கருவாட்டுக்குப் புள்ளி போட்ட கதை

புதிய சட்டம் வந்துவிட்டது, இனி எப்படிப் படிப்பிப்பது என்று நீங்கள் எல்லோரும் ஆசிரியர் அறையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்ததைப் போன கிழமை வந்தபோது பார்த்தேன். ஓய்வு பெற்ற உப அதிபர் ஒருத்தி பழைய பள்ளிக்கூடத்துக்கு வந்தால் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட வேண்டும், புத்தி சொல்லக் கூடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் முகங்களைப் பார்த்ததிலிருந்து வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் எழுதி அனுப்புகிறேன். வாசிக்க நேரமில்லாதவர்கள் பக்கத்துக் கதிரைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அவராவது உருப்படட்டும்.

கல்விச் சீர்திருத்தத்தின் முதல் அடி விழுந்த காலத்தில் நான்தான் இங்கே உப அதிபர். தரம் ஆறிலிருந்து பாடங்கள் எல்லாம் தொகுதி தொகுதியாகப் பிரிந்தன. பாடவேளை நீண்டது. தவணைப் பரீட்சைக்கு மவுசு குறைந்தது, பிள்ளை தன் கையால் செய்து காட்டுவதற்குப் புள்ளி கூடியது. இதையெல்லாம் நாங்கள் கொஞ்சம் முனகிவிட்டு ஏற்றுக்கொண்டோம். எங்கள் தலையில் வந்து விழுந்தது தரம் பத்துக்கான விதிதான். பத்தாம் தரத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு தொழில் தொகுதியில் சித்தியடைய வேண்டும். பிள்ளைகள் செய்த பொருளை வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் பார்த்துப் புள்ளி போட வேண்டும். தொகுதியை ஒழுங்காக நடத்திக் காட்டாத பள்ளிக்கூடத்தில் பத்தாம் தரத்துக்கு மேல் வகுப்பே இருக்காது. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்த்தான் படிக்க வேண்டும்.

நகரம் என்ன, பஸ் ஏறினால் வந்துவிடும் என்பீர்கள். உங்களுக்கு வந்துவிடும். றிஸ்னாவுக்கு வராது.

றிஸ்னா அப்போது பத்தாம் தரம். விஞ்ஞானப் பாடத்தில் கேள்வி கேட்டுக் கேட்டே இரண்டு ஆசிரியர்களை இடமாற்றம் கேட்க வைத்தவள் என்று நாங்கள் பகிடியாகச் சொல்வோம். ஒரு நாள் என்னை மறித்து, களப்பில் மிதக்கிற தோணிக்கும் கடலில் மிதக்கிற தோணிக்கும் ஆழம் ஏன் வித்தியாசம் என்று கேட்டாள். நான் வரலாறு படிப்பிக்கிறவள். தோணியில் வந்த போர்த்துக்கேயரைப் பற்றி வேண்டுமானால் கேள் என்று சொல்லித் தப்பினேன்.

அவளுடைய வாப்பா ஹனீபா சம்மாட்டி. படகுகளும் கருவாடு காயப்போடுகிற வாடியும் வைத்திருப்பவரை எங்கள் பக்கத்தில் சம்மாட்டி என்போம். நல்ல மனிதர். ஆனால் ஒரு சொல் சொல்லிவிட்டால் அதை மாற்ற மாட்டார், நங்கூரம் போட்ட மாதிரி அங்கேயே நிற்பார். விதி வந்த செய்தி கேட்டதும் நேரே என் மேசைக்கு வந்தார்.

"டீச்சர், இங்க படிச்சா படிக்கட்டும். டவுனுக்கு பஸ்ஸில அனுப்புற கதை மட்டும் என்ட வாழ்க்கைல இல்ல. வகுப்பு இங்க இல்லண்டா அவட படிப்பும் இல்ல. சொல்லிட்டன்."

றிஸ்னா அவருக்குப் பின்னால் நின்றாள். கேள்வி கேட்கிற பிள்ளை அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்காக அந்த வகுப்பை எப்படியும் காப்பாற்றியே தீருவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

எந்தத் தொகுதியை எடுப்பது என்பதில் முதல் கூத்து நடந்தது. எங்கள் அதிபர் சேர் தங்கமானவர். சுற்றுநிருபம் வந்தால் பிஸ்மி சொல்லிப் பிரிப்பார், வாசித்து முடித்ததும் பிரஷர் குளிசை போடுவார். மேலிருந்து வந்த பட்டியலில் முதலாவதாக என்ன இருக்கிறதோ அதை எடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். முதலாவதாக இருந்தது கோவா வளர்ப்பு, மலைநாட்டுக் குளிரில் விளைகிற முட்டைக்கோசு. இந்தக் கடற்கரை மணலில், உப்புக் காற்றில், கோவா. பிள்ளைகள் வீட்டிலிருந்து வாளியில் செம்மண் சுமந்து வந்து பாத்தி கட்டினார்கள். கன்றுகள் கூட ஒரு மாதிரித் தலை தூக்கின. பிறகு ஊர்க் கழுதைகள் வந்தன. இங்கே கழுதைகளுக்கு உரிமையாளர் கிடையாது, வேலி கிடையாது, வெட்கமும் கிடையாது. காலைக் கூட்டத்தில் நாங்கள் தேசிய கீதம் பாடிக்கொண்டிருக்க, அசையாமல் நிற்க வேண்டிய நேரம் என்பதால் ஒருவரும் அசையவில்லை. கழுதைகள் மட்டும் அசைந்து அசைந்து முழுப் பாத்தியையும் தின்று முடித்தன.

அதன் பிறகுதான் அதிபர் சேர் என் பேச்சைக் கேட்டார். கடலுணவு பதனிடல் என்று பட்டியலின் அடியில் ஒரு தொகுதி இருந்தது. ஊர் முழுக்கச் செய்கிற வேலை. மீன் இருக்கிறது, உப்பு இருக்கிறது, வெயிலுக்குக் குறைவே இல்லை. பொறுப்பாசிரியராக ஸப்ராஸ் சேரைப் போட்டோம். உங்களைப் போலத்தான், புதிதாக நியமனம் பெற்று மலைநாட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். மீனைத் தட்டில்தான் பார்த்திருக்கிறார். முதல் நாள் ஒரு கையில் புத்தகம், மறு கையில் மூக்கை மூடிய லேஞ்சித் துணி. பலகையில் எழுத மூன்றாவது கை இல்லாததால் பிள்ளைகளே எழுதினார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. பிரதேசத் தொழில் அனுபவசாலி ஒருவர் மதிப்பீட்டாளரோடு உட்கார்ந்து தன் அபிப்பிராயத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் யாரைக் கேட்டாலும் வேலை இருக்கிறது என்றார்கள். கடைசியில் ஹனீபா சம்மாட்டியிடமே போனோம். முன்வரிசையில் உறை போட்ட கதிரை என்று சொன்னதும் சம்மதித்தார். பேச்சுப் பேச்சுத்தான் டீச்சர், நான் வாறதால பஸ் கதை மாறும் எண்டு நினைக்காதீங்க என்றும் சேர்த்துச் சொன்னார்.

பிள்ளைகள் மூன்று குழுவாகப் பிரிந்து வேலை செய்தார்கள். ஒரு குழு நெத்தலி, ஒரு குழு சாளை. றிஸ்னாவின் குழு கட்டா மீன் எடுத்தது. கருவாட்டிலே கட்டாதான் ராஜா, பிழைத்தால் கேவலமும் அதில்தான் அதிகம். விளையாட்டு மைதானத்தில் பந்தல் கட்டிக் காய வைத்தார்கள். காகத்துக்கும் பூனைக்கும் கழுதைக்கும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தின் வாசம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். வரவுப் பதிவேட்டைத் திறந்தாலும் கருவாடு மணக்கும். ஆனால் பதம் வந்தபோது அந்தக் கட்டாவைப் பார்த்து எனக்கே எச்சில் ஊறியது. நம்பர் அட்டை கட்டி, வெள்ளைத் துணி விரித்து, மனையியல் அறை மேசையில் அடுக்கி வைத்தோம்.

மதிப்பீட்டு நாள் வெள்ளிக்கிழமை என்று அறிவித்தல் வந்தது. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை படகு இறங்காது. கடைகள் ஜும்ஆத் தொழுகைக்கு முன்னமே பூட்டிவிடும். நாளை மாற்றித் தாருங்கள் என்று அதிபர் சேர் கேட்டுப் பார்த்தார், எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே நாள்தான் என்று பதில் வந்தது. மாதிரிகள் தயாராக இருக்கின்றனவே, மீன் இல்லாவிட்டால் என்ன என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

மதிப்பீட்டாளர் சிலாபத்துப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். நெட்டையான சிங்கள மனிதர், தமிழ் நன்றாகக் கதைத்தார். ஹாண்டிலில் ஒரு பையில் அவருடைய சாப்பாட்டுப் பார்சல் தொங்கியது. தேநீர் கொண்டு போனேன். கையை நீட்டி மறித்தார்.

"வேணாம் டீச்சர். நான் ஸ்கூல்ல ஒண்டும் குடிக்கிறதும் இல்ல, சாப்பிடுறதும் இல்ல. சாப்பிட்டா புள்ளி போடுற கை நடுங்கும். இது ரூல் இல்ல, என்ட சொந்தப் பழக்கம்."

மனதுக்குள் அவருக்கு ஒரு சலாம் போட்டேன். ஆனால் இப்படிப்பட்டவர் இலேசில் புள்ளி போட மாட்டார். காலை முழுவதும் பிள்ளைகளிடம் வாய்மொழிக் கேள்விகள் கேட்டார், கை கழுவும் இடம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். மாதிரிகளைக் காட்டுகிறேன் என்று ஸப்ராஸ் சேர் துடித்தார். அனுபவசாலியும் கூட இருக்கும்போதுதான் பார்க்கலாம், அது ரூல் என்றுவிட்டார். சம்மாட்டி ஜும்ஆ முடித்து வருவார். அதன் பிறகு பார்ப்பதென்று முடிவானது.

பாங்கு சொல்லக் கொஞ்சம் முன்னால் மைதானத்தில் ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தோம். ஒரு கழுதை மதிப்பீட்டாளரின் மோட்டார் சைக்கிளோடு முகத்தை ஒட்டி வைத்து நின்றது. பையும் போயிற்று, பார்சலும் போயிற்று. சோறு சுற்றிய தாளின் கடைசி மூலை மட்டும் அதன் வாயில் ஆடிக்கொண்டிருந்தது. மதிப்பீட்டாளர் "அனே!" என்று சிங்களத்தில் ஐயோ போட்டார்.

இப்போது நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு மனிதன், வெள்ளிக்கிழமை மதியம், எங்கள் எல்லைக்குள், பசியோடு. அவர் சாப்பிட மாட்டேன் என்று சொன்னது வேறு விஷயம். எங்கள் கழுதை அவருடைய சோற்றைத் தின்றது வேறு விஷயம். அதிபர் சேருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு பக்கம் பாங்கு சொல்கிறது, மறு பக்கம் விருந்தாளி பட்டினி. பள்ளிவாசலுக்கு ஓடுகிற ஓட்டத்தில் மனையியல் அறையைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"பரீதா தாத்தா! அந்த மனுஷனுக்கு ஒரு சஹன் சோறு ரெடி பண்ணுங்க! இரிக்கிறத வெச்சுச் சமாளிங்க!"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்களிடம் தாத்தா என்றால் அக்கா. சஹன் என்றால் நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டு. பரீதா தாத்தா பெற்றோர் குழுவின் தலைவி. ஊர்க் கந்தூரி விருந்துகளுக்குச் சோறு ஆக்கிய கை. மனையியல் அறையின் அடுப்பும் சாவியும் அன்றைக்கு அவரிடம்தான் இருந்தன. அவருடைய நிலைமையையும் யோசியுங்கள். படகு இறங்காததால் மீன் இல்லை. கடை பூட்டு. கோழி அறுக்கலாம் என்றால் அறுக்கிற ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவில். முட்டை இருந்ததாம், ஆனால் அதற்கு அவர் பிறகு சொன்ன விளக்கம் இது: "வந்த மனுஷனுக்கு முட்டையப் பொரிச்சுக் குடுக்க அவரென்ன காய்ச்சல்காரனா டீச்சர்?"

நான் காரியாலயத்தில் மதிப்பீட்டாளரோடு பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வயிறு பேசியது எனக்கும் கேட்டது. கேட்காத மாதிரிப் பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு வாசம் வந்தது. றம்பையும் கறிவேப்பிலையும் தாளிக்கிற வாசம். பின்னாலேயே தேங்காய்ப் பால் கொதிக்கிற வாசம். கருவாட்டு வாசமும் கலந்து வந்தது, ஆனால் அது எங்களுக்குப் பழகிப் போய் நான் பொருட்படுத்தவில்லை. மதிப்பீட்டாளர் பேனையைக் கீழே வைத்தார்.

"டீச்சர், நான் சொன்னது என்ட சொந்தப் பழக்கம்தானே?"

"ஓம் சேர்."

"அப்ப நானே அத மாத்தலாம்தானே?"

"உங்கட பழக்கம், உங்கட விருப்பம்" என்றேன். பாவம், பசித்தவனிடம் போய் என்ன வாதாடுவது.

ஜும்ஆ முடிந்து எல்லோரும் வந்தார்கள். ஆசிரியர் அறையில் பாய் விரித்துச் சஹனை வைத்து மதிப்பீட்டாளர், அதிபர் சேர், ஸப்ராஸ் சேர், சம்மாட்டி நால்வரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மதிப்பீட்டாளர் காற்சட்டையை மடித்துவிட்டுச் சம்மணம் போட்டார், பழகிய ஆள்தான். தேங்காய்ச் சோறு, நடுவில் ஒரு கோப்பையில் கறி, பக்கத்தில் நெத்தலிப் பொரியல், சாளைச் சம்பல். நான் வாசலில் நின்று பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கவளத்தோடு மதிப்பீட்டாளர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கறிக் கோப்பைக்கு மறுபடி மறுபடி கை போனது.

சம்மாட்டிதான் முதலில் வாய் திறந்தார். மதிப்பீட்டாளர் கேட்கட்டும் என்று நன்றாகச் சத்தமாகவே சொன்னார்.

"இந்தக் கட்டா எங்கட வாடிச் சரக்குத்தான். கேக்கவே தேவல்ல. இப்பிடி உப்பு சேக்கிற கை இந்தக் கரைல வேற எங்கயும் இல்ல. தின்னு பாருங்க சேர், உப்பும் தெரியும், மீனும் தெரியும்!"

மதிப்பீட்டாளர் தலையாட்டினார். "எங்கட சிலாபத்தில கூட இப்பிடிக் கிடைக்கிறது இல்ல. எங்க தாத்தா வாங்கினீங்க?"

பரீதா தாத்தா வாசலில் என் பக்கத்தில் நின்றார். முகம் முழுக்கப் பெருமை.

"வாங்கல்ல சேர். புள்ளகள் செஞ்சதுதான். அங்க மேசைல வெள்ளத் துணில அழகா அடுக்கி வெச்சிருந்துச்சே. நம்பர் அட்டையெல்லாம் கழட்டிட்டுத்தான் ஆக்கினன், ஒண்டும் வாயில மாட்டாது. பயப்படாமச் சாப்பிடுங்க."

அதிபர் சேரின் கவளம் பாதி வழியில் நின்றது. ஸப்ராஸ் சேர் வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டார். அவர் மெல்லாமல் வைத்திருந்தது ஒரு பிள்ளையின் எதிர்காலம் அல்லவா. நான் மனையியல் அறைக்கு ஓடினேன். மேசையில் வெள்ளைத் துணி இருந்தது. துணியின் மேல் நம்பர் அட்டைகள் வரிசை குலையாமல் இருந்தன. வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தின் முழுப் பரீட்சையையும் பரீட்சகரோடு சேர்ந்து நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெளியே வந்தால் வராந்தாவில் றிஸ்னா நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "டீச்சர், அப்ப முடிஞ்சுதா?" என்றாள். குரல் மெல்லியதாக இருந்தது. அழுவதற்கு நேரமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆசிரியப் பிள்ளைகளே, இனி நான் சொல்லப் போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்தரமான நேரத்தில் மனிதனுக்கு முதலில் வருகிற யோசனை பொய்யாகத்தான் இருக்கும். அன்றைக்கும் அது வந்தது, அதுவும் இரண்டு வாய் வழியாக. அதிபர் சேர் என்னை மூலைக்கு இழுத்துக் காதில் சொன்னார்: "டீச்சர், சம்மாட்டிட வாடில இருந்து கொஞ்சம் கருவாடு எடுத்து அந்த நம்பரக் கட்டி வெச்சா என்ன?" ஸப்ராஸ் சேர் அதற்குள் தன் மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்துவிட்டார். இருவரும் நல்லவர்கள், பிள்ளைகளுக்காகத்தான் அப்படி யோசித்தார்கள். ஆனால் பொய்க் கருவாட்டில் அந்தப் பிள்ளை சித்தியடைந்தால், அவள் உண்மையாகச் செய்தது எங்கே போகும்? அதுவும் பார்க்கப் போவது யார், சம்மாட்டி. தன் வாடியிலிருந்து கருவாடு போனது தெரியாமல் இருப்பவரா அவர்?

"திறப்ப உள்ள வைங்க" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லியிருப்பேன். நேரே மதிப்பீட்டாளரிடம் போனேன். அவர் கை கழுவிவிட்டு, பாவம், புள்ளித் தாளையும் வெறும் மேசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் ஒண்டுதான் எழுதலாம். மாதிரிகள் சமர்ப்பிக்கப்படவில்லை. அப்பிடி எழுதினா எனக்கும் பிரச்சினை இல்ல."

"சமர்ப்பிக்கப்படவில்லையா? சேர், கோப்பைய வழிச்சுத்தானே சாப்பிட்டீங்க!"

நான் விடவில்லை.

"நடந்தத அப்பிடியே எழுதுங்க. மாதிரிகள் இருந்தன, தவறுதலாச் சமைக்கப்பட்டன, நானும் சாப்பிட்டேன் எண்டு எழுதுங்க. பார்வைக்குப் புள்ளி வேணாம், நீங்க பாக்கல்ல. சுவைக்கும் உப்புக்கும் சுத்தத்துக்கும் போடுங்க. அது உங்களுக்குத் தெரியும்தானே, இன்னும் நாக்கிலயே இரிக்கும்."

"அப்பிடி எழுதினா மேல எல்லாரும் என்னப் பார்த்துச் சிரிப்பாங்க டீச்சர்."

"சிரிக்கட்டும் சேர். மத்தத எழுதினா இந்தப் புள்ள அழும்."

அவர் வாசலில் நின்ற றிஸ்னாவைப் பார்த்தார். றிஸ்னா சும்மா நிற்கவில்லை, கேள்வி கேட்கிற பழக்கம் திரும்பி வந்துவிட்டது. "சேர், கறில மிதந்தத நீங்க பாத்தீங்கதானே? அதுவும் பார்வைதானே?" என்றாள். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். பார்வைக்குப் புள்ளி போடவில்லை, அதில் நியாயமாகவே இருந்தார். ஆனால் பேனையை எடுத்து நடந்ததை நடந்தபடி எழுதினார், கழுதை உட்பட. தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தெரிந்தே ஒரு மனிதன் உண்மையை எழுதுவதை அன்றைக்குக் கண்டேன். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதைதான்.

எழுதி முடித்துவிட்டுத் தாளைச் சம்மாட்டியின் பக்கம் திருப்பினார். "அனுபவசாலிட அபிப்பிராயம் வேணும். கட்டா எப்பிடி?"

சம்மாட்டிக்கு அப்போதுதான் தன் நிலைமை விளங்கியது. நல்லது என்றால் வகுப்பு இங்கே நிற்கும், மகள் படிப்பாள். சரியில்லை என்றால் வகுப்பு போகும், மகள் வீட்டில் இருப்பாள். ஆனால் அந்தக் கட்டாவைத்தான் கொஞ்சம் முன்னால் ஊர் கேட்கத் தன் சொந்தச் சரக்கு என்று தூக்கிக் கொண்டாடியிருந்தார். உறை போட்ட கதிரையில் அவர் நெளிந்தார். தாடியைத் தடவினார். விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய் மணந்து பார்த்தார்.

"கருவாட்டுல பொய் சொன்னா தொழில்ல பறக்கத் இரிக்காது, அல்லாட அருள் நிக்காது" என்றார் கடைசியில். யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். "நல்ல கருவாடு. எங்கட வாடிச் சரக்க விட நல்லம்." கையெழுத்தைப் போட்டுவிட்டு மகளிடம் திரும்பினார். "லீவு நாளைல வாடிக்கு வா. அந்த உப்புப் பக்குவத்த எங்கட ஆக்களுக்கும் காட்டிக் குடு."

"ஏலா வாப்பா" என்றாள் றிஸ்னா. "எனக்குக் கருவாட்டு வாசமே ஒத்து வராது. நான் பௌதிகம் படிக்கப் போறன்."

பார்வைக்கு ஒன்றுமில்லாமலே மூன்று குழுவும் சித்தியடைந்தன. வகுப்பு தப்பியது. அதிபர் சேர் குளிசை போட மறந்துபோன ஒரே நாள் அதுதான்.

இப்போது உங்களிடம் இருக்கிற சுற்றுநிருபத்தை எடுங்கள். செயல்முறை மதிப்பீடு என்ற பகுதியின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: மதிப்பீடு முடியும் வரை மாதிரிகளை எவரும் சமைக்கவோ உட்கொள்ளவோ ஆகாது. போன கிழமை உங்களில் ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்க, எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். எந்த மடையன் இதை எழுதினான் என்று கேட்டீர்கள். நான் தேநீரை ஊதி ஊதிக் குடித்தேன். அந்த வரியை நாட்டுக்குக் கொடுத்தது நீங்கள் உட்கார்ந்திருந்த அதே அறைதான். உறை போட்ட அந்தக் கதிரையில்தான் உங்கள் பைகளை வைத்திருந்தீர்கள்.

ஆகவே சட்டம் மாறிவிட்டது என்று கலங்காதீர்கள். அது இன்னும் மாறும். விதியில் எங்கேயாவது ஒரு கோணல் வரியைக் கண்டால், முன்னால் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடம் விழுந்து எழும்பியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் விழுவீர்கள். விழுந்ததும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

றிஸ்னா என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். பதினோராம் தரத்தில் சாதாரண தரப் பரீட்சையை இங்கேயே எழுதினாள், நன்றாகவே எழுதினாள். உயர்தரத்தில் பௌதிகம் படிப்பிக்க இங்கே வசதி இல்லை, நகரத்துக்குத்தான் போக வேண்டும். பழைய சொல் மறுபடி குறுக்கே வரும் என்று எனக்குத் தூக்கமே இல்லை. உயர்தர வகுப்பு தொடங்கிய அன்று காலையில் சந்தியில் நின்றேன். சம்மாட்டியின் கருவாட்டு லொறி வந்தது. முன் ஆசனத்தில் றிஸ்னா, வெள்ளை உடுப்போடு, மடியில் புத்தகம், மூக்கில் லேஞ்சி. சம்மாட்டி என்னைக் கண்டதும் லொறியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

"பஸ்ஸில அனுப்ப மாட்டன் எண்டு சொன்னன் டீச்சர்" என்றார். "சொன்ன சொல் மாறினனா?"